பாரத்தை நிரப்புமுன் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள்: குழந்தைநலப் பணியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழந்தைநலப் பணியாளர்களுக்கும், குழந்தைப் பாதுகாவலர்களாக நியமனம் பெற்ற அதிகாரிகளுக்கும், இவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

மலேசியாவின் கீழ்ப்பேராவில், பாமாயில் எடுக்கும் செம்பனைக் காடுகளுக்கு நடுவே, ஒரு சந்தையும் ஒரு பேருந்து நிலையமும் இரண்டு வரிசைக் கடைகளுமாக இருக்கும் எஸ்டேட் பட்டணம் ஒன்றில் 22 ஆண்டுகளாகப் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் அம்மா தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலை அணிவகுப்புக்கு, போகும் தாய்மார்கள் இடுப்பில் சுமந்து வந்து கொடுக்கும் பிள்ளைகளை வாங்கி ஏணையில் போடும்போதே, எது இன்று சோர்ந்திருக்கிறது, எது நேற்றைவிடக் குறைவாகப் பால் குடித்திருக்கிறது, எது தாயைப் பிரிந்தும் அழவில்லை என்று அவர் மனத்தில் குறித்துக்கொள்வார். அழுகிற பிள்ளையைவிட அழாத பிள்ளையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவார். நீங்கள் இன்று வளர்ச்சி மதிப்பீடு, தேவை மதிப்பீடு என்ற பெயரில் செய்யும் பணியை நான் முதன்முதலில் கண்டது அவரிடம்தான்.

இத்தனை ஆண்டுகளில் உங்களில் பலர் என் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். சில சந்திப்புகளில் நானும் உடன் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவருக்கு எத்தனை கோப்புகள், எத்தனை மைல் பயணம், எத்தனை நீதிமன்றத் தேதிகள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே இதை உங்கள் உழைப்பைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஒரு பிள்ளையின் வளர்ச்சியையும் தேவையையும் அதன் சொந்த மொழியில், அது வாழும் இடத்தில், ஒருமுறைக்கு மேல் பார்த்து எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன். இப்படிச் செய்யாத மதிப்பீடு எவ்வளவு தடிமனான கோப்பாக இருந்தாலும், அது பிள்ளையைப் பற்றியதாக இருப்பதில்லை என்பது என் அனுபவம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். அப்பா வீட்டை விட்டுப் போயிருந்தார். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். பிள்ளை பாட்டியிடம் இருந்தான். யாரோ ஒருவர் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு, அதாவது அரசின் உதவித் தொலைபேசிக்கு, அழைத்து, பிள்ளை கவனிப்பாரின்றிக் கிடக்கிறான் என்று சொல்லியிருந்தார்கள். வந்தவர் நல்லவர், பண்பாகவே பேசினார், ஆனால் மலாயில் பேசினார். பட அட்டைகளைக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்டார். சிறுவன் தரையைப் பார்த்தபடி நின்றான், வாயைத் திறக்கவில்லை. பேச்சு வளர்ச்சி வயதுக்குக் குறைவு என்றும், கண்ணைப் பார்ப்பதில்லை என்றும் எழுதப்பட்டிருந்ததைப் பிறகு அம்மா எடுத்து வந்த கடிதத்தில் பார்த்தேன்.

அந்த அதிகாரியின் கார் பாதை திரும்புமுன்னே, அதே சிறுவன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, முதல் நாள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் சாக்கடையில் சாரைப்பாம்பு வந்த கதையைச் சொன்னான். பாட்டி மண்வெட்டி எடுத்தது, பாம்பு காய்ந்த செம்பனை மட்டைகளுக்குள் நுழைந்தது, பக்கத்து வீட்டு மாமா நாற்காலி மேல் ஏறி நின்றது என எதுவும் முன்பின் மாறாமல் வந்தது. கடைசியில், "மாமா பயந்துட்டாரு டீச்சர், ஆனா பயப்படலன்னு சொன்னாரு" என்றான். நடந்ததைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கோவையாகச் சொல்வதும், ஒருவர் உள்ளத்தில் இருப்பதும் வாயால் சொல்வதும் வேறாக இருக்கலாம் என்று அறிவதும் நான்கு, ஐந்து வயதில் நாம் தேடிப் பார்க்க வேண்டிய முக்கியமான வளர்ச்சிக் குறிகள். இரண்டும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தன. அறிக்கையில் இரண்டும் இல்லை.

எங்கள் பிள்ளைகளில் பலர் தமிழ்ப்பள்ளியிலோ பாலர் பள்ளியிலோ காலடி வைக்கும்வரை தேசிய மொழியைத் தொலைக்காட்சியிலும் கடையிலும் மட்டுமே கேட்டவர்கள். வீட்டுத் தமிழிலும் பல சொற்கள் கலந்திருக்கும். பாலை மலாய்ச் சொல்லால் சூசு என்று கேட்கும் பிள்ளை பந்தைப் பந்து என்றே சொல்லும். இப்படிப்பட்ட பிள்ளைக்கு எத்தனை சொல் தெரியும் என்று எண்ணும்போது, எல்லா மொழிகளிலும் தெரிந்ததைச் சேர்த்தே எண்ண வேண்டும். உண்மையான மொழி வளர்ச்சிக் குறைபாடு பிள்ளை பேசும் எல்லா மொழிகளிலும் வெளிப்படும். ஒரு மொழியில் சரளமும் இன்னொரு மொழியில் மௌனமும் இருந்தால், அந்த இரண்டாம் மொழி இன்னும் பழகவில்லை என்பதுதான் பெரும்பாலும் பொருள். இந்த வேறுபாட்டை அறிய தமிழ் தெரிந்த ஒருவர் அரைமணி நேரம் உடன் இருந்தால் போதும்.

மொழியைக் காரணம் காட்டிப் பிள்ளையின் குறையை மூடி மறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். அழைத்தால் வரமாட்டாள், பாட்டுக்கு வாயசைக்கமாட்டாள், யாரோடும் சண்டைக்கும் போகமாட்டாள். நான் அவளைச் சாது என்றே நினைத்தேன். அவளுடைய குறிப்பேட்டிலும் அப்படியே எழுதினேன். பாட்டி காதில் காய்ச்சிய எண்ணெய் விட்டுப் பஞ்சு வைத்து அனுப்புவதைப் பார்த்தும் நான் ஒன்றையும் ஒன்றையும் இணைத்துப் பார்க்கவில்லை. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, தடுப்பூசிக்குப் போன இடத்தில் ஒரு தாதி அவள் காதில் சீழ் வடிவதைக் கண்டு செவிப் பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டு காதுகளிலும் கேள்திறன் குறைந்திருந்தது. பின்னால் நின்று மெல்லிய குரலில் அவள் பெயரைச் சொல்லி அழைத்துப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. அந்த ஓராண்டை நான் அவளுக்குத் திருப்பித் தர முடியாது. பேசாத பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அதற்குக் காது கேட்கிறதா என்பதுதான்; புத்தியைப் பற்றிய கேள்வி அதற்கு அப்புறம்.

அரசு தாய்சேய் நல கிளினிக்கில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் சுகாதாரப் பதிவேட்டை உங்களில் எத்தனை பேர் வீட்டுச் சந்திப்பின்போது கேட்டு வாங்கிப் புரட்டுகிறீர்கள்? பிறந்த எடை, மாதாமாதம் ஏறிய எடை, தடுப்பூசி, தவறிய தேதிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. 18ஆம் மாதத்தில் ஆட்டிசத்தின் அறிகுறிகளைத் தேடித் தாயிடம் கேட்கும் கேள்விகளும் அதில் உண்டு. பிள்ளை தனக்குப் பிடித்ததை விரலால் சுட்டிக் காட்டுகிறதா என்பது அவற்றுள் முக்கியமானது. அந்நிய மொழியில் வேகமாகக் கேட்டால் எங்கள் தாய்மார்கள் வரிசையாக எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். "நிலாவைக் காட்டுதா? காக்காயைப் பார்த்தா உன்னைக் கூப்பிட்டுக் காட்டுதா, இல்ல அதுவா பாத்துட்டுப் போயிடுதா?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசிப்பார்கள். அந்த யோசனைக்குப் பிறகு வரும் பதிலைத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

மொழியையும் பழக்கவழக்கத்தையும் அதிகாரிகள் தவறாகப் படித்ததன் விலையை வேறொரு நாடு மிகக் கொடுமையாகக் கொடுத்திருக்கிறது. ஐவரி கோஸ்ட் நாட்டில் பிறந்து, பிரெஞ்சு பேசி வளர்ந்த விக்டோரியா கிளிம்பியே என்ற சிறுமி, பாட்டி முறையாகும் உறவுப் பெண்ணின் பொறுப்பில் இங்கிலாந்துக்கு அழைத்து வரப்பட்டாள். அந்தப் பெண்ணும் அவளுடைய துணைவனும் செய்த சித்திரவதையால் 2000 பிப்ரவரி 25 அன்று லண்டனில் எட்டு வயதில் இறந்தாள். அவள் உடலில் 128 காயங்கள் இருந்தன. லார்ட் லேமிங் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003 ஜனவரியில் வந்தது. அவளைக் காப்பாற்ற அதிகாரிகளுக்கு 12 வாய்ப்புகளாவது இருந்தன என்று அது சொன்னது. அவளுக்குப் பொறுப்பான சமூகப் பணியாளர் அவளைப் பார்த்தது நான்கே முறை. எல்லாம் சேர்ந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பெரியவர்கள் முன் அவள் விறைப்பாக நிமிர்ந்து நின்றதை, அந்தச் சமூகத்துப் பிள்ளைகள் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார். அது பயம். பிள்ளையின் பாதுகாப்புக்காகப் பேச வேண்டியிருந்து, அதன் தாய்மொழி ஆங்கிலமாக இல்லாவிட்டால், மொழிபெயர்ப்பாளரைக் கட்டாயம் அழைக்க வேண்டும் என்பது அந்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று.

இதை நான் நினைக்காத நாள் இல்லை. ஏனென்றால் எங்கள் பிள்ளைகளும் பெரியவர்கள் முன் தலைகுனிந்துதான் நிற்பார்கள். அப்படித்தான் வளர்க்கிறோம். ஆகவே கண்ணைப் பார்க்கவில்லை என்று உடனே குறையாக எழுதிவிடாதீர்கள் என்கிறேன். அதே மூச்சில், இந்தியப் பிள்ளைகள் அப்படித்தான் என்று எழுதி நகர்ந்துவிடாதீர்கள் என்றும் மன்றாடுகிறேன். மரியாதையில் குனியும் தலை, பெரியவர் சிரித்தால் தானும் சிரிக்கும். பயத்தில் குனியும் தலை, கை உயரும்போது சுருங்கும். இரண்டையும் பிரித்தறிய, பிள்ளையைப் பெற்றோர் முன்னிலையிலும் அவர்கள் இல்லாத இடத்திலும் பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பதற்கு அதே வீட்டுப் பெரியவரையே நியமிக்கவும் கூடாது. இது எங்கள் ஊரில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. அப்பாவைப் பற்றிய புகாருக்கு அப்பாவே மொழிபெயர்க்கிறார்.

அதே 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை ஒரு மதிப்பீட்டுச் சட்டகத்தை வெளியிட்டது. பல நாடுகளின் சமூகப்பணிப் பாடங்களில் இடம்பெறுவதால் அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பிள்ளையின் வளர்ச்சித் தேவைகள், பெற்றோரின் பராமரிப்புத் திறன், குடும்பமும் சூழலும் என மூன்று பக்கங்கள் கொண்ட முக்கோணம் அது, நடுவில் பிள்ளை. வளர்ச்சித் தேவை என்ற பக்கத்தில் மட்டும் உடல்நலம், கல்வி, உணர்வும் நடத்தையும், அடையாளம், உறவுகள், பிறர் முன் தோன்றும் விதம், சுயபராமரிப்பு என ஏழு கூறுகள் உள்ளன. நல்ல சட்டகம்தான். ஆனால் அதன் ஒவ்வொரு சொல்லையும் நம் மண்ணில் ஊன்றிப் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

சுயபராமரிப்பையே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடி ஒன்றில் எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி. அரிசி களைந்து, விரல் கணுவில் தண்ணீர் அளந்து, ரைஸ் குக்கரில் சோறு வைப்பாள். மூன்று வயதுத் தம்பியைக் குளிப்பாட்டுவாள். தன் தலையைத் தானே பின்னிக்கொள்வாள். அவளைப் பார்த்த ஒருவர் சுயபராமரிப்புத் திறன் மிக நன்று என்று குறித்தார். அடுத்த ஆண்டு வந்த வேறொருவர் பெற்றோரின் புறக்கணிப்பு என்று எழுதினார். ஒரே பிள்ளை, ஒரே சோறு, இரண்டு தீர்ப்புகள்! நீ எத்தனை மணிக்குத் தூங்குவாய் என்று இருவருமே அவளைக் கேட்கவில்லை. ஒருநாள் வகுப்பு முடிந்து கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன். "அம்மா வந்த பிறகுதான் டீச்சர். நான் தூங்கிட்டா தம்பி கதவைத் திறந்துகிட்டுப் போயிடுவான்" என்றாள். மாலை ஷிப்டு முடிந்து கம்பெனிப் பேருந்து அம்மாவை இறக்கிவிடும்போது மணி பதினொன்றரை ஆகியிருக்கும். நான்காவது மாடி.

அவளை வாட்டியது சமையல் அல்ல, அந்தக் காவல். அவளுக்குத் தேவைப்பட்டது இல்லத்தில் சேர்ப்பதும் அல்ல. கதவின் மேற்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடப்பட்டது, இரண்டு வீடு தள்ளியிருந்த அத்தை இரவு பத்துவரை வந்து இருக்க ஒப்புக்கொண்டார், கொஞ்ச காலத்தில் அம்மாவுக்கும் பகல் ஷிப்டு கிடைத்தது. பிள்ளை வகுப்பில் தூங்கி விழுவதும் நின்றது. பாரத்தில் அதற்கெல்லாம் கட்டம் இருந்திருக்காது. ஆனால் பிள்ளை வாய் திறந்து சொன்னதை எழுத ஓர் இடம் எந்தப் பாரத்திலும் இருக்க வேண்டும். மலேசியா 1995இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, பிள்ளை தன்னைப் பற்றிய விஷயத்தில் தன் கருத்தைச் சொல்லவும், அது வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப மதிக்கப்படவும் உள்ள உரிமையைச் சொல்கிறது.

வறுமையையும் புறக்கணிப்பையும் ஒன்றாக்கிவிடும் அறிக்கைகளையும் பார்த்திருக்கிறேன். சம்பளம் வருவதற்கு முந்தைய வாரத்தில் ஒரு லயத்து வீட்டின் அலமாரியைத் திறந்தால் அரிசியும் கருவாடும் தவிர ஒன்றும் இருக்காது. சம்பளத்துக்கு அடுத்த நாள் திறந்தால் பால் டின்னும் பிஸ்கட்டும் முட்டையும் இருக்கும். மழைக்காலத்தில் குலை வெட்டும் அளவு குறைந்தால் சம்பளமும் குறையும். எனவே ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டுப் பெற்றோரின் அக்கறையை அளக்க முடியாது. உதிரிப்பழம் பொறுக்கும் அம்மாவோடு விடுமுறையில் பிள்ளையும் காட்டுக்குள் நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அது தவறுதான், ஆபத்தும்தான். ஆனால் பிள்ளையை விட்டுச் செல்ல ஆயாக் கொட்டகை இல்லாமல் போன பிறகு அந்த அம்மாவுக்கு வேறு என்ன வழி மிஞ்சியது என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் இடிந்து, குடும்பங்கள் அடுக்குமாடிக்கு வந்தபோது வீடு மட்டும் மாறவில்லை. கொட்டகை, கோயில் திடல், எட்டிப் பார்க்கும் பத்துப் பாட்டிமார் எல்லாம் ஒன்றாய்ப் போயின. சூழல் என்ற பக்கத்தில் இந்த இழப்புக்கு இடம் வேண்டும்.

பாதுகாவலர் யார் என்ற கேள்விக்குக் கீழே அப்பா, அம்மா என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். தாய்மாமன் யார், பெரியம்மா எங்கே இருக்கிறார், காய்ச்சல் வந்தால் இரவில் பிள்ளை யாரைக் கூப்பிடுகிறது என்று கேளுங்கள். எங்கள் வீடுகளில் ஒரு பிள்ளை ஒருவரிடம் மட்டும் ஒட்டி வளர்வதில்லை. அம்மாவைக் கண்டு ஓடி வராத பிள்ளை பாட்டி மடியை விட்டு இறங்காமல் இருக்கலாம்; அதைப் பற்றில்லாத பிள்ளை என்று எழுதினால், பாட்டியை விட்டுப் பிரிப்பதில் தயக்கம் இருக்காது. அந்தப் பிள்ளை இரண்டாம் முறை தாயை இழக்கும்.

அடையாளம் என்ற கூறை இங்கிலாந்தில், பிள்ளை தன்னை யாராக உணர்கிறது என்ற பொருளில் சொல்கிறார்கள். இங்கே அதோடு இன்னொன்றும் சேர்கிறது: பத்திரம். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே குடும்பம் நடத்தியவர்கள் எங்கள் தோட்டங்களில் பலர். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்தபின், முஸ்லிம் அல்லாதோர் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவில்லாத மணத்தில் பிறந்த பிள்ளை சட்டப்படி தாயின் குடியுரிமை நிலையைத்தான் பின்பற்றும். தாயிடமே பத்திரம் இல்லையென்றால் குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டையுள்ள அப்பா பக்கத்திலேயே நின்றும் பிள்ளை நாடற்றதாகிவிடக்கூடும். பள்ளியில் சேர்வது, தேர்வு எழுதுவது, 12 வயதில் அடையாள அட்டை எடுப்பது என ஒவ்வொரு படியிலும் இது தடுக்கும். வளர்ச்சி மதிப்பீட்டுக்கு வரும் அதிகாரி பிறப்புப் பத்திரத்தைக் கேட்டு, இல்லை என்றால் அதையும் ஒரு தேவையாக எழுதி, பதிவிலாகாவுக்கு யார் அழைத்துப் போவது என்பதுவரை குறித்தால், அந்த ஒரு வரி பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் உதவும்.

உங்களுக்குக் கால அவகாசம் இல்லை என்பீர்கள். 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்படி, தற்காலிகப் பாதுகாப்பில் எடுத்த பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அடிபட்ட பிள்ளையை உடனே தூக்கிச் செல்லுங்கள். அங்கே நான் குறுக்கே நிற்கமாட்டேன், கதவைத் திறந்துவிடுவேன். ஆனால் அன்று எழுதியதே ஆறு மாதம் கழித்தும் அந்தப் பிள்ளையைப் பற்றிய ஒரே உண்மையாக இருக்கக் கூடாது. பிள்ளையின் பொதுநடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, மருத்துவ வரலாறு ஆகியவை நீதிமன்றத்துக்குச் செல்லும் அறிக்கையில் வேண்டுமென்று அந்தச் சட்டமே கேட்கிறது. பள்ளிப் பதிவு என்றால் மதிப்பெண் மட்டுமல்ல. இத்தனை ஆண்டுகளில் என்னிடம் பிள்ளையின் ஓவியத்தையோ அது யாரோடு விளையாடுகிறது என்பதையோ கேட்டவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். கேட்டவர்களின் அறிக்கைகள் வேறு மாதிரி இருந்தன. அவற்றில் அந்தப் பிள்ளைகள் இருந்தார்கள்.

எழுதி முடித்ததை அம்மாவிடம் அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாத கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா என்று என் வீட்டு வாசலில் வந்து நின்ற தாய்மார்கள் பலர். அவர்களில் ஒருவரின் கடிதத்தில் பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொல்லித்தான் எழுதியிருந்தது. பயந்து அவர் போகவில்லை. பிள்ளைக்கு அந்தப் பயிற்சி ஏழு மாதம் தள்ளிப் போனது.

தமிழ் தெரிந்த பணியாளர் உங்கள் அலுவலகத்தில் இல்லையென்றால், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் தாதியரும் எங்கள் பட்டணத்திலேயே இருக்கிறார்கள். இரகசியம் காப்பதற்கான முறையான பயிற்சியையும் உறுதிமொழியையும் தந்து அவர்களை மொழித் துணையாகச் சேர்த்துக்கொள்ள முடியும். எங்களில் நான்கு பேர் இதற்கு ஏற்கெனவே முன்வந்திருக்கிறோம். சனிக்கிழமை காலைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பும் விளையாட்டும் நடத்துகிறோம். பிள்ளைகள் எட்டு மணிக்கே வந்துவிடுவார்கள், பாட்டிமார் பின்வரிசையில் அமர்ந்திருப்பார்கள். அலுவலக அடையாள அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, பாயில் எங்களோடு உட்காரும் நாளில், முதல் ஒரு மணி நேரம் எதையும் கேட்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். பத்து மணிக்கு வடையும் தேநீரும் வரும். அதற்குள் இரண்டு பிள்ளைகளாவது உங்கள் மடியில் ஏறியிருப்பார்கள். அப்போது கேட்கத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு பாலர் பள்ளி ஆசிரியை,
கீழ்ப்பேரா